பஸ்ஸிலேயே வா

ஷேலா,
குவாத்தமாலா

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தி பிறந்த செய்தியை நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் சொன்னேன். சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்து என் கன்னத்தில் முத்தமிட்டார். உனக்குச் சேர வேண்டிய முத்தம் அது. நேரில் வந்து உன் பங்கை வாங்கிக்கொள்.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். காலையில் ஸ்பானிஷ் வகுப்பு, பிற்பகலில் சந்தை, இரவில் வீட்டுப்பாடம். பணி ஓய்வுவரை பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து வந்தேன். இப்போது என் மகள் வயதுப் பெண் ஒருத்தி எனக்குக் கொடுக்கிறாள். இந்த வயதில் மீண்டும் மாணவியாவது பெரிய வரம் என்று எனக்குத் தோன்றுகிறது. வரைபடத்தில் இந்த ஊர் கெட்சால்டெனாங்கோ என்று இருக்கும். பஸ்ஸில் ஆள் கூப்பிடுகிறவர்கள் உட்பட எல்லோரும் சொல்வது ஷேலா. 2,300 மீட்டருக்கு மேல் உயரம், கொடைக்கானலைவிட அதிகம். குளிருக்குத் தயாராக வா.

இனி உன் கேள்வி. ஹூஸ்டனில் இருக்கும் காலத்தில் பத்து நாள் இங்கே வர நினைக்கிறாய். சுற்றுலா வேனைத் தவிர வேறெதிலும் ஏறக் கூடாது என்று உன் மகன் சொல்கிறான். உனக்கோ ஊர் மக்கள் போகும் பஸ்ஸில் போக ஆசை. பஸ்ஸிலேயே வா என்பதுதான் என் பதில். மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இந்த பஸ்களைக் காமியோனெட்டா என்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற அதே மஞ்சள் பஸ்கள்தான். பல ஆண்டுகள் ஓடியபின் அங்கே ஏலத்தில் விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் மெக்சிகோ முழுவதையும் கடந்து இங்கே ஓட்டி வருகிறார்கள். பழைய தலைநகரான அந்திகுவாவுக்குப் பக்கத்தில் சியுதாத் வியேஹா என்ற ஊரில் இதற்கென்றே பட்டறைகள் உண்டு. மலை வளைவுகளில் திரும்புவதற்காகச் சில பஸ்களின் நீளத்தை வெட்டிக் குறைக்கிறார்கள். ஏற்றத்துக்கு ஏற்ற கியர்பெட்டி வைக்கிறார்கள். கூரையில் சாமான் தட்டு, பின்னால் ஏணி, முகப்பு முழுக்கப் பளபளக்கும் குரோமியம், சிவப்பும் நீலமும் ஊதாவுமாக வண்ணப்பூச்சு, முன்கண்ணாடிக்கு மேலே ஒரு பெண்ணின் பெயர் அல்லது கடவுளை வேண்டும் ஒரு வரி. இத்தனைக்குப் பிறகும் உள்ளே ஆங்கில எச்சரிக்கைப் பலகை அப்படியே இருக்கும். உன் பேத்தி வளர்ந்து ஹூஸ்டனில் ஏறப்போகும் பள்ளி பஸ் பின்னொரு நாள் இந்த மலையில் சந்தைக் கூடைகளோடு ஏறினால் நான் வியக்க மாட்டேன்.

இரண்டு பெரியவர்களுக்கான இருக்கையில் மூன்று பேர் உட்காருவதுதான் இங்கே வழக்கம். மூன்றாவது ஆளுக்குப் பாதி இருக்கைதான் கிடைக்கும், மீதி உடல் நடைபாதையில். எதிர் வரிசையின் மூன்றாவது ஆளும் அப்படியே. இருவர் தோளும் நடுவில் முட்டிக்கொள்ளும். வளைவு வரும்போது அவர் உன்மேல் சாய்வார், அடுத்த வளைவில் நீ அவர்மேல் சாய்வாய். யாரும் முகம் சுளிப்பதில்லை. முதல் பயணத்திலேயே இது எனக்குப் பிடித்துப்போனது.

ஓட்டுநரைவிட நீ அதிகம் பார்க்கப்போவது அயுதாந்தேயை. கூட வரும் உதவியாளர், பெரும்பாலும் இளைஞன். படியில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவி ஆள் சேர்ப்பான். உன் பையைக் கூரையில் ஏற்றுவான். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏணி வழியாக இறங்கிப் பின்கதவால் உள்ளே வருவான். பிறகு அந்த நெரிசலுக்குள் புகுந்து கட்டணம் வாங்குவான். யார் எங்கே ஏறினார், யாருக்குச் சில்லறை பாக்கி என்பதெல்லாம் மனக்கணக்குதான். இவ்வளவு கடினமான வேலையை இவ்வளவு லாகவமாகச் செய்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

கட்டணம் மிகக் குறைவு. இந்நாட்டு நாணயமான கெட்சால் ஒன்று நம் பணத்தில் சுமார் 11, 12 ரூபாய். அந்திகுவாவிலிருந்து தலைநகருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் பயணம். 10 முதல் 15 கெட்சாலுக்குள் முடிந்துவிடும். அதே தூரத்துக்குச் சுற்றுலா வேனில் பல மடங்கு. ஆனால் இந்தக் குறைந்த கட்டணத்தின் மறுபாதியை யார் தருகிறார்கள் என்பதுதான் இங்கே வந்த நாளிலிருந்து என் மனத்தை அரிக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் பஸ்ஸில் வா என்று அழைக்க எனக்கு மனமில்லை.

ஏறும் தலைகளை வைத்துத்தான் இவர்களுக்கு வருமானம். அதனால்தான் இந்த நெரிசலும், முன்னால் போகும் பஸ்ஸை முந்தி அடுத்த நிறுத்தத்து ஆட்களைப் பிடிக்கும் வேகமும். இது போதாதென்று, வழித்தடத்தில் ஓட வேண்டுமானால் மாமூல் கொடு என்று மிரட்டும் கும்பல்கள். கொடுக்காதவர்களைச் சுட்டிருக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் மட்டும் ஓட்டுநர்களும் அயுதாந்தேக்களும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டிருக்கிறார்கள், தலைநகரில்தான் மிக அதிகம். கணவனைப் பறிகொடுத்த பெண்கள் சங்கம் அமைக்கும் அளவுக்கு அது போயிற்று. பயணிகள் தரும் கட்டணத்தில் ஒரு பகுதி அந்தக் கும்பல்களுக்குப் போகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பஸ்களின் வயதும் ஒரு கவலை. 2025 பிப்ரவரி 10 அன்று விடியற்காலையில், தலைநகருக்கு வந்துகொண்டிருந்த ஒரு பஸ் பெலிஸ் பாலத்திலிருந்து கீழே சாக்கடையாய் ஓடும் ஆற்றில் விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது ஏறக்குறைய 30 ஆண்டு பழைய வண்டி என்று சொன்னார்கள். அடுத்த மாதமே எல்லா வாகனங்களுக்கும் காப்பீடு கட்டாயம் என்று அரசு ஆணை போட்டது. நாடெங்கும் சாலை மறியல் நடந்தது. ஆணையை நிறுத்தி வைத்தார்கள். மறியல் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காப்பீட்டுப் பணத்தை எங்கிருந்து கட்டுவார்கள்? கட்டணத்தைக் கூட்டினால் சந்தைக்குக் காய் சுமந்து போகிற பெண் எப்படி ஏறுவாள்? பாதுகாப்பான பஸ்ஸுக்கு அரசுதான் பணம் போட வேண்டும். நம் ஊரில் அரசு பஸ்ஸை எத்தனை குறை சொல்லியிருக்கிறோம்! அது இல்லாத இடத்தில் இருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரிகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏன் பஸ்ஸில் வா என்கிறேன்? போன வாரம் ஷேலாவிலிருந்து அதித்லான் ஏரிக்குப் போனேன். மினெர்வா பஸ் நிலையத்தில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் பக்கத்து ஊரான அல்மோலோங்காவைச் சேர்ந்த, கிச்சே என்ற மாயா இனப் பெண்மணி. அந்த ஊர்க் காய்கறிக்கு இந்தப் பகுதியில் பெரிய பெயர். அவர் கூடையில் இருந்த கேரட் ஒவ்வொன்றும் என் முன்கை நீளம். குவாட்ரோ காமினோஸ் கூட்டுச்சாலையைத் தாண்டியதும் பஸ் ஏறத் தொடங்கியது. ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில், மேகத்துக்குள், அலாஸ்கா என்ற மேடு. அங்கே அவர் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். 2012 அக்டோபர் 4 அன்று, மின்கட்டண உயர்வையும் வேறு சிலவற்றையும் எதிர்த்து இந்த இடத்தில் சாலையை மறித்த, பக்கத்துத் தோதோனிகபான் பகுதி மக்களை ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள் என்றார். உள்நாட்டுப் போர் 1996இல் முடிந்தது என்று புத்தகங்களில் படித்திருந்தேன். முடிந்த பிறகும் சிந்திய ரத்தத்தைப் பற்றி அந்த இருக்கையில்தான் கேட்டேன். சுற்றுலா வேன் அதே மேட்டைக் கடந்து போகும். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

லோஸ் என்குவென்ட்ரோஸ் என்ற கூட்டுச்சாலையில் இறங்கி வேறு பஸ் மாறினேன். பாத்திரம் ஏந்திய பெண்கள் ஏறினார்கள்: சோள மாவில் பூரணம் வைத்து மடலில் கட்டி அவித்த சுச்சீத்தோ, எலுமிச்சை பிழிந்து உப்பும் பூசணி விதைப் பொடியும் தூவிய மாங்காய்க் கீற்று. மாங்காயைத் தைரியமாக வாங்கு. நம் பள்ளி வாசலில் விற்ற மாங்காய்க்கு உடன்பிறந்தது. சுச்சீத்தோவுக்குள் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், நீ கேட்டுவிட்டு வாங்கு. மேலே இருக்கும் சோலோலா ஊரிலிருந்து ஏரிக்கரையில் இருக்கும் பனஹாச்செல் வரை 500 மீட்டருக்கு மேல் இறக்கம். திடீரென்று வலமும் இடமும் மலை விலகி, மூன்று எரிமலைகளோடு ஏரி தெரிந்தது. பஸ்ஸில் பேச்சு நிற்கவே இல்லை. அவர்களுக்கு அது தினமும் பார்க்கும் ஏரி. கீழே இறங்கினால் நம் ஊர் பஜாஜ் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஆசையாகத் தொட்டுப் பார்த்தேன்.

போடிக்காரியான உனக்குத் தனியாக ஒரு செய்தி. கோபான் பக்கமும் போய் வந்தேன். உங்கள் அப்பா 'குவாத்தமாலா காய் வந்து விலையைக் கெடுத்துவிட்டது' என்று புலம்புவாரே, அந்த ஏலக்காய் விளையும் மலை அது. 1914 வாக்கில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நட்டாராம். இன்று ஏற்றுமதியில் உலகத்திலேயே முதலிடம். மினிபஸ்ஸில் என் காலடியில் பச்சை ஏலக்காய் மூட்டை. அந்த வாசனையில் உங்கள் வீட்டுக் கிடங்கு நினைவு வந்தது. மூட்டைக்கு உரியவர், கெக்சி என்ற இன்னொரு மாயா இன விவசாயி, சாலையோரத் தரகரிடம் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு இறங்கினார். போடியில் இருப்பது போன்ற ஏலக்கூடம் எதையும் அங்கே நான் பார்க்கவில்லை. சமையலிலும் அவர்கள் அதை அதிகம் சேர்ப்பதில்லை. பெரும்பகுதி அரபு நாடுகளுக்குப் போகிறது. விலையைக் கெடுப்பவர் அந்த விவசாயி இல்லை என்று உங்கள் அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

மகனிடம் இதைச் சொல்: இருட்டிய பிறகு பஸ் ஏற மாட்டோம், தலைநகரின் உள்ளூர் பஸ்களில் ஏறவே மாட்டோம், விமான நிலையத்திலிருந்து டாக்சி. காலை ஏழு எட்டு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் ஊர் சேரலாம். பாஸ்போர்ட்டும் பெரிய பணமும் ஆடைக்குள். ஐந்து, பத்து கெட்சால் தாள்களைத் தனியாக வை. அயுதாந்தே வருவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் கட்டணத்தைக் கேட்டுக்கொள். ஒன்றிரண்டு கெட்சால் கூடக் கேட்டான் என்றால் கொடுத்துவிடு, மேலே எழுதியதை நினைத்துக்கொண்டு. ஓட்டுநர் கண்மண் தெரியாமல் ஓட்டினால் அடுத்த கூட்டுச்சாலையில் இறங்கி வேறு பஸ் பிடிப்போம். அரை மணிக்குள் ஒன்று வரும்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. சிச்சிகாஸ்டெனாங்கோ என்ற மலை ஊரின் பெரிய சந்தை வியாழனும் ஞாயிறும்தான், அதை வைத்து டிக்கெட் எடு. அண்ணனும் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த இருக்கைகளில் அவர் உயரத்துக்கு முழங்கால் இடிக்கும். முன்வரிசையில் இடம் பிடிக்கப் புறப்படும் இடத்திலேயே சீக்கிரம் போய் ஏற வேண்டும். அதற்கேற்ப நான் நேரம் குறித்து வைக்கிறேன். வரும்போது பெருங்காயமும் ரசப்பொடியும் கொண்டு வா. வீட்டு அம்மாவுக்கு ரசம் வைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி