மகளுக்கு, ஐக்கியத்தைப் பற்றி

அன்பு மகளுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அம்மா எழுதுகிறேன்.

நேற்று போனில் நீ சொன்ன ஒரு பேச்சு இராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. புதிய சபையில் ஓர் அக்கா உன்னைப் பெண்கள் ஐக்கியத்துக்குக் கூப்பிட்டாராம், நீ நேரமில்லை என்று சொல்லிவிட்டாயாம். "பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, காணிக்கை எடுத்துக் கலைகிற கூட்டம்தானே அம்மா? உதவி செய்யணும்னா நான் மாதாமாதம் பணம் அனுப்புறேனே" என்றாய். உடனே பதில் சொன்னால் பேச்சு வளர்ந்து வருத்தத்தில் முடியும் என்று சும்மா இருந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பணம் அனுப்புவது நல்ல காரியம், அதை நிறுத்தாதே. ஆனால் கூடி உட்காருவதை வீண்பொழுது என்று நினைக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 32 வருஷமாக நான் ஐக்கியத்தில் இருக்கிறேன். யாருக்கு என்ன குறை என்பது அங்கே பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

எங்கள் கூட்டத்தில் வேத வாசிப்பு ஆளுக்கு ஒரு வாரமாக முறை வைத்து வரும். ஓர் அக்கா தன் முறை வந்தபோது வேதாகமத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளி, "இன்றைக்கு நீ வாசியேன்" என்றார். அடுத்த முறையும் அப்படியே. தொண்டை சரியில்லை என்றார். பாட்டு மட்டும் கணீரென்று வந்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். பக்கத்தில் இருந்தவள்தான் கவனித்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பைக் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தார். வலது பக்கக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். கேட்டால் "எனக்கென்ன குறை" என்றுதான் சொல்லியிருப்பார். அதனால் யாரும் கேட்கவில்லை. கண் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்த ஒருத்தி, துணைக்கு வாருங்கள் என்று அவரையும் அழைத்துப் போனாள். அடுத்த மாதம் சங்கீதத்தை அவரே வாசித்தார். இந்தக் குறையை எந்த விண்ணப்பத்தில் அவர் எழுதிக் கொடுத்திருப்பார், சொல்?

யோப்பா பட்டணத்துத் தொற்காளை உனக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். அவள் இறந்ததும் பேதுரு வந்து நிற்கிறார். விதவைகள் அழுதுகொண்டே, அவள் தங்களுக்குச் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். பேதுரு அவளை உயிரோடு எழுப்பியதைத்தான் எல்லாரும் பிரசங்கிப்பார்கள். நான் அந்தத் துணிகளிடமே நின்றுவிடுவேன். அளவு தெரியாமல் அங்கி தைக்க முடியுமா? ஒவ்வொருத்தியின் தோளையும் கையையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

வேதத்தில் இப்படிப்பட்ட பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்திகளால் ஆண்டவருக்கு ஊழியஞ்செய்தவர்கள். கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பற்றிப் பவுல் எழுதும்போது, அநேகருக்கும் எனக்கும் ஆதரவாயிருந்தவள் என்கிறார். பிலிப்பியில் அவர் முதலில் பேசியதே ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடியிருந்த பெண்களிடம்தான். இரத்தாம்பரம் விற்ற லீதியாள் அந்தக் கூட்டத்தில் இருந்தவள். அவள் வீடு திறந்தது, சபைக்கு இடம் கிடைத்தது. நீ கலைகிற கூட்டம் என்று சொன்னாயே, அதுவும் அப்படி ஒரு கூட்டம்தான்.

எங்கள் ஐக்கியத்தில் எல்லாம் பரிசுத்தமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரு வருஷம் பண்டிகைக்கு முன் விதவைகளுக்குத் துணி கொடுத்தோம். மேடை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுக்கும்போது போட்டோவும் எடுத்தோம். எங்களோடு வாராவாரம் உட்கார்ந்து பாடிய ஒரு பெண்ணையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டோம். அவள் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவேயில்லை. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று வாய் நிறையப் பாடம் எடுத்தவர்கள் நாங்கள். அடுத்த வருஷத்திலிருந்து இருவர் இருவராக வீட்டுக்குப் போய்க் கொடுக்கிறோம். பையை ஓரமாக வைத்துவிட்டு, குடும்பத்தை விசாரித்து, ஜெபித்துவிட்டு வந்துவிடுவோம். பையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானும் இரண்டு முறை போனேன். கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள். கூட்டத்துக்கு மட்டும் வரவில்லை.

ஜெபக்குறிப்பு விஷயத்திலும் தடுமாறியிருக்கிறோம். "அவள் மகனுக்காக ஜெபியுங்கள், பாவம், அந்தப் பையன்..." என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று உனக்கே தெரியும். ஐக்கியத்து அக்காமார் வம்பு பேசுவார்கள் என்று நீ பயப்படுவது நியாயம். நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். தன் காரியத்தைத் தானே சொல்லலாம். அடுத்தவர் காரியத்தைச் சொல்வதானால் அவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். பேர் சொல்லாமல் ஜெபித்தாலும் ஆண்டவருக்கு ஆள் தெரியும்.

இப்போது நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு அப்போது ஏழு வயது. நான் ஐக்கியத்தின் செயலாளர். ஒரு மாதக் கணக்கில், உதவி கொடுத்ததாக ஒரு தொகை எழுதியிருந்தது. பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எல்லார் முன்னிலையிலும் பொருளாளர் அக்காவிடம் கேட்டேன். "கொடுத்தேன். யாருக்கு என்று சொல்ல மாட்டேன்" என்றார். "சொல்ல முடியாததைக் கொடுத்ததாக எப்படி எழுதுவது?" என்று கேட்டேன். கேட்ட குரலும் நல்ல குரல் அல்ல. அவர் கணக்குப் புத்தகத்தையும் அலமாரிச் சாவியையும் மேசைமேல் வைத்தார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கணக்குக் கேட்டதில் தப்பில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆதிச்சபையிலேயே, அன்றாட விசாரிப்பில் எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்கர் பக்கத்தில் முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கி வைக்கவில்லை, பந்தி விசாரிப்புக்கென்று ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். தருமக் காசு என்றால் இருவர் எண்ண வேண்டும், இருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அதை அந்த அக்காவிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அந்த நாட்களில் எங்கள் கூட்டத்தில் லீஸ்ட் காயின் என்ற சிறு காசுக் காணிக்கை உண்டு. 1956-இல் ஆசிய நாடுகளுக்குப் போன பெண்கள் குழுவில் இந்தியாவைச் சேர்ந்த சாந்தி சாலமோன் இருந்தார். கொரியாவுக்குப் போக அவருக்கு விசா கிடைக்கவில்லை. மற்றவர்கள் போக, அவர் பிலிப்பைன்ஸில் தங்க வேண்டியதாயிற்று. யுத்தத்தின் காயம் ஆறாத காலம். அங்கே இருந்தபோதுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. ஒவ்வொரு முறை ஜெபிக்கும்போதும் தன் நாட்டின் மிகச் சிறிய காசு ஒன்றை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய காசு வேண்டாம் என்றதில்தான் அதன் அழகே இருக்கிறது. இருக்கப்பட்டவளும் இல்லாதவளும் ஒரே காசைத்தான் போடுவார்கள். மனத்தாங்கல் உள்ளவர்களுக்காக ஜெபித்துப் போட வேண்டும் என்பது அதிலே முக்கியம்.

நான் சமையலறை அலமாரியில் ஒரு தகர டப்பா வைத்திருந்தேன், நினைவிருக்கிறதா? அந்த அக்காவை நினைத்துத் தினமும் அதில் காசு போட்டேன். முதல் சில வாரங்கள், "ஆண்டவரே, அவருக்குப் புத்தி தாரும்" என்றுதான் என் ஜெபம். காசு விழுந்தது, கோபம் போகவில்லை. எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால், அவருடைய முழங்கால் வலிக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உண்மை தெரிந்தது. பணம் வாங்கிய பெண்ணே வந்து சொன்னாள். கணவனின் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு ஊரை விட்டுப் போனவள். போன இடம் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. அந்த அக்கா பெயரை எழுதாமல் விட்டது அதனால்தான். நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். அந்தப் பரவாயில்லையில் ஈரம் இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு முறையை மட்டும் ஏற்படுத்தினோம். இப்படிப்பட்ட உதவிக்குப் புத்தகத்தில் எண் மட்டும் எழுத வேண்டும். பெயர் தலைவிக்கும் பொருளாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்று வரை அப்படித்தான் நடக்கிறது.

அடுத்த வருஷம் உன் அப்பாவுக்கு விபத்து. 17 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஐக்கியத்துப் பெண்கள் வந்து, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கவில்லை. அந்த நிலையில் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. பகலுக்கு யார், இரவுக்கு யார், துணி துவைக்க யார், உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விட யார் என்று அவர்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள். பார்க்க வந்தவர்கள் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காரவில்லை. இதே மாதிரி விபத்தில் இன்னார் போய்விட்டார் என்ற கதை ஒருவர் வாயிலும் வரவில்லை. அதெல்லாம் ஐக்கியத்தில் பழகிப் பழகி வந்த பழக்கம்.

முதல் நான்கு நாளும் என்னால் ஜெபிக்க முடியவில்லை. உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், வாயைத் திறந்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. கட்டிலைச் சுற்றி நின்று அவர்கள் ஜெபித்தார்கள். நான் ஆமென் மட்டும் சொன்னேன். என் விசுவாசம் அந்த நான்கு நாளும் அவர்கள் கையில் இருந்தது.

இரண்டாம் இரவுக்கு அந்தத் தாளில் எழுதியிருந்தது பொருளாளர் அக்காவின் பெயர். நாற்காலியை அப்பாவின் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ போய்க் கொஞ்சம் படு" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. விடிந்ததும் நேரே நம் வீட்டுக்குப் போய், உனக்குத் தலைவாரி, இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் நீ வந்து, "இந்தப் பெரியம்மா இறுக்கமாப் பின்னிட்டாங்கம்மா" என்று சொன்னாய். அந்தப் பின்னலை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. நேரில் அவரைப் பார்த்து நன்றி சொன்னபோது, "பரவாயில்லை" என்றார். இந்த முறை அது வேறு பரவாயில்லை.

நீ இன்னொன்றும் சொன்னாய், எழுந்து நின்று ஜெபிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று. மேரி சம்னர் என்று ஒரு அம்மா. இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் போதகரின் மனைவி. முதல் பேரப்பிள்ளை பிறந்தபோது, பிள்ளை வளர்க்கும் பாரத்தைத் தாய்மார் சேர்ந்து சுமக்க வேண்டும் என்று நினைத்து, 1876-இல் ஊர்ப் பெண்களைக் கூட்டினார். கூட்டம் சேர்ந்ததும் அவருக்குப் பேச்சே வரவில்லை, கணவர்தான் பேசினார். அடுத்த முறை தைரியம் வந்து தானே பேசினார். அப்படித் தொடங்கிய மதர்ஸ் யூனியன் இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. ஆகவே முதல் வாரம் நீ வாயே திறக்க வேண்டாம், போய் உட்கார்ந்தால் போதும்.

மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதுவார்கள், மற்ற நாட்டுப் பெண்கள் அதே முறையில் ஜெபிப்பார்கள். 2024-இல் பாலஸ்தீனப் பெண்கள் எழுதியது வந்தது, 2025-இல் குக் தீவுப் பெண்கள் எழுதியது. அந்த நாளுக்காவது போய்விடு. நான் இங்கே வாசிக்கிற அதே வரியை நீ அங்கே வாசிப்பாய்.

உன்னைக் கூப்பிட்ட அந்த அக்காவிடம், வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. போனால் ஓரத்தில் உட்காராதே, நடுவில் உட்கார். பக்கத்தில் இருப்பவரின் பேரைக் கேட்டு வைத்துக்கொள். அடுத்த வாரம் அவர் வராவிட்டால் நீதான் தேட வேண்டும்.

அப்பா சுகமாக இருக்கிறார், கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பெரியம்மா இப்போது வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. வியாழக்கிழமைகளில் நான் போய் அவருக்கு வேதம் வாசிக்கிறேன். போன வாரமும் உன்னை விசாரித்தார்.

இந்தக் கடிதத்தோடு அந்தத் தகர டப்பாவையும் அனுப்புகிறேன். மூடி கொஞ்சம் இறுக்கம், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். சேர்ந்த காசையெல்லாம் ஐக்கியத்தில் கொடுத்துவிட்டேன். உள்ளே ஒன்று மட்டும் இருக்கும், அது நேற்று இராத்திரி உனக்காகப் போட்டது.

அன்புடன்,
அம்மா