இரண்டு கரைப்பான்களின் கதை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ராஜபாளையத்தில் வரன் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் உடனே எழுது, ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்கு ஓய்வு வாழ்க்கை ஒருவழியாகப் பழகிவிட்டது. மாலையில் பேத்திக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆர்வம் அவளைவிட எனக்குத்தான் அதிகம்.

வலிப்புக்காக நீ கடையில் எடுத்துக்கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட், புற்றுநோய் ஆராய்ச்சியில் ஏன் தலைகாட்டுகிறது என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நம் ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருண்டையின் மேல், கண்டில் நூல் சுற்றினாற்போல், 147 கார இணை (டிஎன்ஏ ஏணியின் ஒரு படி ஓர் இணை) நீளத்துக்கு அது சுற்றியிருக்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான உருண்டைகள். ஹிஸ்டோனின் வால்பகுதியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு நேர்மின்னேற்றம், டிஎன்ஏவுக்கு எதிர்மின்னேற்றம். அதனால் பிடி இறுகும். லைசினில் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதி ஏறினால் அந்த மின்னேற்றம் போய்ப் பிடி தளர்கிறது. அசிட்டைலை அடையாளம் கண்டு வந்து ஒட்டும் புரதங்களும் உண்டு. அவை வந்தால் அங்கே இருக்கும் மரபணுவைப் படியெடுத்து இயக்குவது எளிதாகிறது. ஏறிய அசிட்டைலை வெட்டி எடுப்பவைதான் ஹிஸ்டோன் டீஅசிட்டைலேஸ் நொதிகள். மனிதர்களிடம் 18 இருக்கின்றன. அவற்றில் 11 துத்தநாக அயனியை வைத்து வேலை செய்பவை. மற்ற 7 சிர்டுயின்கள், வேறு வகை.

எந்த மரபணுவை அடக்குவது என்பது நொதிக்குத் தெரியாது. டிஎன்ஏவின் குறிப்பிட்ட வரிசையில் போய் உட்காரும் வேறு புரதங்கள்தான் அதைக் கூட்டிக்கொண்டு போகின்றன. இதில் கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவகை ரத்தப் புற்றுநோயே சாட்சி, அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா. இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொண்டு உருவாகும் புரதம், இந்த நொதிக் கூட்டத்தைப் பிடித்த பிடியில் விடாமல் வைத்திருக்கும். வெள்ளணு முதிர்வதற்கு வேண்டிய மரபணுக்கள் அடங்கியே கிடக்கும். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலத்தை அதிக அளவில் கொடுத்தால் பிடி விடுகிறது, செல்கள் முதிர்கின்றன.

ஹிஸ்டோனில் அசிட்டைல் ஏறுவதற்கும் மரபணு இயங்குவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964லேயே சொல்லிவிட்டார். அசிட்டைலை வெட்டும் நொதி கைக்குக் கிடைக்க 1996 ஆனது. ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் ஆய்வகத்தில், ட்ராபாக்சின் என்ற பூஞ்சைப் பொருளைத் தூண்டிலாகப் போட்டு அதைப் பிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு முன்னால் நடந்தது. 1971ல் சார்லட் ஃப்ரெண்ட், எலியின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு சேர்த்தார். சாதாரணக் கரைப்பான், எல்லா ஆய்வகத்திலும் இருப்பது. செல்கள் முதிர்ந்து ஹீமோகுளோபின் தயாரிக்க ஆரம்பித்துவிட்டன! பால் மார்க்ஸும் வேதியியலாளர் ரொனால்ட் ப்ரெஸ்லோவும் அதைவிட வீரியமான மூலக்கூறைத் தேடி வருடக்கணக்காக அலைந்து, கடைசியில் வோரினோஸ்டாட் என்ற மருந்தைச் செய்தார்கள். அது எதைத் தாக்குகிறது என்பது அப்போது அவர்களுக்கே தெரியாது. டீஅசிட்டைலேஸைத்தான் தடுக்கிறது என்பது 1998ல் வெளியானது. அடுத்த வருடம் இதே போன்ற ஒரு பாக்டீரியா நொதியோடு படிக வடிவத்தில் பார்த்தபோது, மருந்து நொதியின் குறுகிய குழிக்குள் இறங்கி அடியில் இருக்கும் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு நின்றது. 2006ல் தோலில் வரும் ஒரு டி-செல் லிம்ஃபோமாவுக்கு (வெள்ளணுப் புற்றுநோய்) அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இப்போது உன் வால்ப்ரோயேட்டுக்கு வருகிறேன். அதுவும் கரைப்பானாகத்தான் ஆரம்பித்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸில் வேறு மருந்துகளை அதில் கரைத்துச் சோதித்தார்கள். எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. அதுவும் இதே நொதிகளைத் தடுக்கிறது என்று 2001ல் தெரிந்தது. அதனால்தான் புற்றுநோய்க்காரர்கள் அதன் பக்கம் திரும்பினார்கள். வலிப்பை அது அடக்குவதற்கு முக்கியமாகச் சொல்லப்படும் காரணங்கள் வேறு, நரம்புச் சமிக்ஞை சம்பந்தப்பட்டவை.

இந்த நொதிகளைத் தடுத்தால் தூங்கும் மரபணு எல்லாம் விழித்துவிடும் என்று சிலர் எழுதுவதை நம்பாதே. தடுத்தபின் சில மரபணுக்களின் இயக்கம் ஏறும், சிலவற்றின் இயக்கம் இறங்கும். நன்றாக இயங்கும் மரபணுக்களின் மேலும் இந்த நொதிகள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த நொதிகளில் ஆறாம் எண்காரர் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே, செல்லின் சட்டகத்தில் உள்ள ட்யூபுலின் என்ற புரதத்தோடு வேலை செய்கிறார். ரத்தப் புற்றுநோய்கள் சிலவற்றில் பலித்த இம்மருந்துகள், கட்டிகளில் தனியாகக் கொடுத்தபோது பெரிதாக எடுபடவில்லை.

கடைக்காரனாக நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கர்ப்பத்தின்போது வால்ப்ரோயேட் எடுத்தால் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. தண்டுவடம் மூடாமல் போவது அதில் ஒன்று. நொதித் தடுப்பும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இளம்பெண்கள் சீட்டோடு வந்தால், கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருக்கிறதா என்பதை டாக்டரிடம் பேசச் சொல். தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல், திடீரென்று விட்டால் வலிப்பு மோசமாகத் திரும்பும்.

தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு