கடைசியில் ஓடிவருபவருக்கும் தண்ணீர் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அண்மையில் நடந்த சிறிய அரை மராத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். மொத்தம் 21.0975 கிலோமீட்டர். சாலைகளை அடைக்கும் ஆரவாரம் இல்லை. நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளைப் பார்த்தபடி விடியுமுன்னே ஓடத் தொடங்கினோம். பிடோக் படகுத்துறை அருகே தூண்டில் போட்டிருந்த முதியவர் எங்கள் ஒவ்வொருவருக்கும் கைதட்டினார். இத்தகைய ஓட்டங்கள் இங்கு இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மெதுவாக ஓடியவர்கள் கடைசித் தண்ணீர்ப் பந்தலை அடைந்தபோது, அங்கே நசுங்கிய காகிதக் குவளைகள்தான் கிடந்தன. தொண்டூழியர்கள், பாவம், தங்கள் சொந்தப் போத்தல்களை நீட்டினார்கள். வேகமாக ஓடுபவர் வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார். பின்னால் வருபவர்தான் நெடுநேரம் வெயிலில் இருக்கிறார். அவர்களில் பலர் ஐம்பதைக் கடந்து, முதன்முறையாக ஓட வந்த பெண்கள். நம் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. வழிந்தோடுமே தவிர உடற்சூட்டைத் தணிக்காது. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம் என்பதால், உப்புச்சத்துள்ள பானமும் அவசியம்.

கட்டணத்தில் இரண்டு வெள்ளி கூட்டினாலும் மனமுவந்து கொடுப்போம். கடைசி ஆள் கடந்துபோகும்வரை பந்தலை மூடாதீர்கள் என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகி,
தெம்பனிஸ்