அப்பாவின் சைக்கிள் கடையைக் கதையாக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவின் கடையைப் பற்றி மூன்று நிமிடக் காணொளிக் கதை செய்வது எப்படி என்று கேட்டிருந்தாய். முப்பது வருடக் கடையை மூன்று நிமிடத்தில் அடக்கப் பார்க்காதே. கடைசியாக ஷட்டரை இறக்கிய சாயங்காலத்தை மட்டும் எடுத்துக்கொள். பூட்டியது யார், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தது யார், சாவி யாரிடம் போனது? இவ்வளவு வந்தாலே மீதிக் கடை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சொந்தக் குரலில் சொல்லும் கதையோடு புகைப்படங்களைச் சேர்க்கும் இந்த முறை (டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங் என்பார்கள்) 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலானோர் நடத்திய பட்டறைகளில் வளர்ந்தது. 2001 முதல் பிபிசி வேல்ஸில் ஊர் ஊராகப் போய் இதைக் கற்றுக்கொடுத்தது. ஆங்கிலத்தில் 250 சொல் அளவில் எழுதச் சொல்வார்கள். நமக்கு 200 தாண்டினாலே வாசிப்பு ஓட்டமெடுக்கும். எழுதியதை இரண்டு மூன்று பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. அவர்கள் திருத்த வேண்டாம், கேள்வி மட்டும் கேட்கட்டும். ஒரே கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்தால் அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

படம் தேட இப்போதே கிளம்பிவிடாதே. முதலில் குரல். பலர் தலைகீழாகச் செய்து, கிடைத்த புகைப்படங்களுக்கு விளக்கவுரை எழுதி முடிக்கிறார்கள். ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்து, போனை ஏரோபிளேன் மோடில் போடு. துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதன் முன் உட்கார்ந்தால் எதிரொலி அடங்கும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் 'ப'வுக்கெல்லாம் காற்று மோதும். பத்தி பத்தியாகப் பதிவு செய். கடைசியில் பேசாமல் பத்து விநாடி அறையின் அமைதியையும் பதிவு செய்துவிடு, வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும்.

படங்கள் 15 போதும். ஆல்பத்துப் படத்தை உறையிலிருந்து எடுத்து, வெயில் நேரே படாத ஜன்னலோரம் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் எடு. உறையோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதே, அப்படியே எடுத்துக்கொள். 'சாவி' என்று சொல்லும்போது சாவியையே காட்டுவது வீண். அப்பாவின் கிரீஸ் படிந்த கையைக் காட்டலாம். எல்லாப் படத்தையும் மெல்ல ஜூம் செய்கிற பழக்கம், தயவுசெய்து, வேண்டாம்.

இசை கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும், குரலைவிட 20 டெசிபல் தாழ்வாக. சினிமாப் பாட்டுப் போட்டால் யூடியூபில் காப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். சில செயலிகளில் தமிழ்த் தலைப்பின் கொம்பும் காலும் பிரிந்துபோகும். அப்போது தலைப்பைத் தனியே படமாக்கி உள்ளே வை.

வெளியிடும் முன் அப்பா பார்க்க வேண்டும். கடன் பற்றிய வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடு, வாதாடாதே. படத்தில் இருக்கும் வேலையாட்களிடமும் கேள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பு. வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித் தரத்தைக் கெடுத்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்