38 ஜிபி மெயிலை இடம் மாற்றித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

இரண்டு வாரத்துக்கு முன்னால் என் கணினியின் சி டிரைவில் மிச்சம் இருந்தது 2 ஜிபி. எதைத் திறந்தாலும் திணறல். இன்றைக்கு 40 ஜிபி காலியாக இருக்கிறது, ஒரு மெயில்கூடத் தொலையவில்லை. யார் என்ன செய்தீர்கள் என்று எழுதிவைக்காமல் எனக்கு மனசு ஆறாது.

இடத்தை அடைத்திருப்பது எது என்று காட்டியவள் என் பக்கத்து இருக்கைத் தோழி. நான் படங்களாக அழித்துக்கொண்டிருந்தேன். நீதான் மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டவைத்து ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்று உள்ளே உள்ளே கூட்டிப்போனாய். அங்கே, அவுட்லுக் என்ற மெயில் மென்பொருள் வைத்திருந்த ஒற்றை ஓஎஸ்டி ஃபைல், 38 ஜிபி.

அதை அப்படியே கட் செய்து டி டிரைவில் போட இருந்தேன். தடுத்தவர் சிஸ்டம் பிரிவு சார். சார், ஓஎஸ்டி என்பது சர்வரில் இருக்கும் மெயில்களின் நகல், மெயில்களைத் தனியாகச் சேமித்துவைக்கும் பிஎஸ்டி ஃபைல் மாதிரி எங்கே வைத்தும் திறந்துகொள்ள முடியாது, நகர்த்தினால் பழைய இடத்திலேயே இன்னொன்று உருவாகிவிடும் என்று நீங்கள் சொன்னபோதுதான் விஷயமே பிடிபட்டது. “மூட்டையத் தூக்காதீங்கம்மா. புது இடத்தச் சொல்லிடுங்க, சர்வர்லேர்ந்து அதுவே அங்க வந்து இறங்கும்” என்றீர்கள். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் ரெஜிஸ்ட்ரியில், ஆஃபீஸின் பதிப்பைக் குறிக்கும் 16.0 என்ற எண்ணுக்குக் கீழே இருக்கும் அவுட்லுக் பகுதியில் ஃபோர்ஸ்ஓஎஸ்டிபாத் என்ற மதிப்பைச் சேர்த்து, டி டிரைவின் ஃபோல்டர் பாதையை எழுதினோம். புதிதாக உருவாகும் ஃபைலுக்குத்தான் அது செல்லும் என்பதால் கன்ட்ரோல் பேனலில், மெயில் கணக்கின் அமைப்புகளைக் கொண்ட புது ப்ரொஃபைல் ஒன்றும் போட வேண்டியிருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி, நீ பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். “அக்கா, அவுட்பாக்ஸப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாய். பார்த்தேன். மூன்று மெயில்கள் போகாமல் நின்றிருந்தன. ஒன்றில் நான் இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்த கணக்கு அட்டவணை, வேறெங்கும் நான் சேமித்துவைக்காதது. சர்வரில் இருப்பதற்குத்தானே ஓஎஸ்டி நகல்? கிளம்பாத மெயில் சர்வரைப் பார்த்ததே இல்லை, இந்த ஒரு ஃபைலுக்குள் மட்டும் இருந்தது. மூன்றும் போய், சென்ட் ஐட்டம்ஸில் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவுட்லுக்கை மூடினேன். உன் வயதில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது, தம்பி. நன்றாக இருப்பாய்.

அப்புறம், ஒரு வருட மெயிலை மட்டும் கணினியில் வைத்தால் போதும் என்று மெயில்களின் நகலைக் கணினியில் வைத்திருக்கும் கேஷ்டு மோடின் அளவைக் குறைத்ததும் சார்தான். அதனால் புது ஃபைல் 9 ஜிபியோடு நின்றது. பழைய மெயில்கள் சர்வரில் இருக்கின்றன, தேடினால் வருகின்றன. இறங்கி முடிய ஒரு ராத்திரி ஆயிற்று. அவுட்லுக்கின் அடிப்பட்டையில் ‘எல்லா ஃபோல்டர்களும் அப் டு டேட்’ என்று காலையில் பார்த்ததும் முதலில் தோழிக்குத்தான் போன் செய்தேன்.

பழைய ஃபைலை உடனே அழிக்க மனசு வரவில்லை. ஒரு வாரம் வைத்திருந்து, நேற்றுதான் அழித்தேன். மூன்று பேருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
உங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா