ஒரே பாட்டில், நான்கு தலைமுறை

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று வயதுப் பேத்தி வீட்டையே ஆட்டிப்படைக்கிறாள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அப்பா எண்பதைத் தாண்டியும் யார் துணையும் இல்லாமல் நடந்து போய்வருகிறார் என்பது அதைவிட நல்ல சேதி. ஆனால் "எல்லோருக்கும் தும்மல், அரிப்பு, ஒரே அலர்ஜி சிரப்பைத்தான் பேத்திக்கு அரை ஸ்பூன், பேரனுக்கு ஒரு ஸ்பூன், அப்பாவுக்கு இரண்டு ஸ்பூன் என்று கொடுக்கிறோம்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

முதலில் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார். "5 மில்லியில் இத்தனை மில்லிகிராம்" என்று ஒரு வரி இருக்கும். மருந்தின் பெயரைப் போலவே அந்த வரியும் முக்கியம். செட்ரிசின் சிரப் என்றால் பெரும்பாலும் 5 மில்லியில் 5 மில்லிகிராம். லீவோசெட்ரிசின் சிரப்பில் பெரும்பாலும் 2.5 மில்லிகிராம்தான். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு மருந்து, அளவும் பாதிக்குப் பாதி வித்தியாசம். அதே செட்ரிசின் சொட்டு மருந்தாக வரும்போது சிலவற்றில் ஒரு மில்லியிலேயே 10 மில்லிகிராம் இருக்கும். சிரப்புக்குச் சொன்ன 2.5 மில்லியை அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்தால், குழந்தைக்குள் போவது 2.5 மில்லிகிராம் அல்ல, 25! பாட்டில் தீர்ந்து புதிது வாங்கும்போதெல்லாம் அந்த வரியை மறுபடி படிக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ஸ்பூன். சமையலறை ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7. மருந்துக்கடையில் வாயில் மருந்து கொடுப்பதற்கான ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்டு வாங்கு. சிரப்பை இழுத்ததும் முனையை மேலே திருப்பி, காற்றுக்குமிழியை வெளியே தள்ளு. பிறகு கண் மட்டத்தில் பிடித்து, உள்ளே இருக்கும் ரப்பரின் மருந்தைத் தொடும் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார். குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நேரே தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். குடித்தபின் கக்கிவிட்டால், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாத நிலையில் மறுபடி முழு அளவு கொடுக்காதே. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்.

இனி அளவு. பேத்திக்கு, அதாவது 2 முதல் 5 வயதுக்கு, செட்ரிசின் நாளுக்கு ஒரு முறை 2.5 மில்லிகிராமில் தொடங்கலாம். அது போதாவிட்டால் காலை 2.5, இரவு 2.5. ஒரு நாளில் மொத்தம் 5-ஐத் தாண்டக் கூடாது. உன் எட்டு வயதுப் பேரனுக்கு இரண்டு வேளையும் 5 மில்லிகிராம் வரை. 12 வயதுக்கு மேல், உனக்கும் உன் மகளுக்கும், நாளுக்கு ஒரு 10 மில்லிகிராம் மாத்திரை. லீவோசெட்ரிசின் என்றால் இதே வரிசையில் 1.25, 2.5, 5 மில்லிகிராம். மூன்றுமே நாளுக்கு ஒரு முறை, இரவில். லோரடாடின், ஃபெக்ஸோஃபெனடின் என்று இன்னும் இரண்டு அலர்ஜி மருந்துகள் உண்டு. லோரடாடினை எடையை வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி: 2 வயது தாண்டிய குழந்தை 30 கிலோ வரை 5 மில்லிகிராம், அதற்கு மேல் 10. ஃபெக்ஸோஃபெனடின் 2 முதல் 11 வயது வரை 30 மில்லிகிராம் இரண்டு வேளை. பெரியவர்களுக்கு மூக்கு அலர்ஜிக்கு 120, தோல் தடிப்புக்கு 180, நாளுக்கு ஒரு முறை. இரண்டு வயதுக்குக் கீழே மருத்துவர் பார்த்து எழுதாமல் இதில் எதையும் தொடக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று உண்டு. குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமின், புரோமெதசின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் மூளைக்குள் எளிதாகப் போய்விடும். தூக்கம் வருவது அதனால்தான். அந்தத் தூக்கத்துக்காகவே பயணத்தின்போது குழந்தைக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மகா தவறு. புரோமெதசின் இரண்டு வயதுக்குக் கீழ் மூச்சையே அடக்கி உயிரைப் பறித்திருக்கிறது. சில குழந்தைகளுக்கு நேர்மாறாக, தூக்கம் கலைந்து வெறிபிடித்தாற்போல ஓடவும் அழவும் வைக்கும். போதாக்குறைக்கு, சளிக்கு என்று விற்கும் கூட்டு சிரப்புகள் பலவற்றில் குளோர்பெனிரமைனோ செட்ரிசினோ ஏற்கெனவே இருக்கிறது. அலர்ஜி சிரப்பையும் சளி சிரப்பையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாகப் போகும். அதில் பாராசிட்டமாலும் இருக்கலாம். தனியாகக் காய்ச்சல் மருந்து கொடுப்பதாயிருந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டும்.

அப்பாவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. செட்ரிசினும் லீவோசெட்ரிசினும் பெரும்பகுதி மாறாமலே சிறுநீரில் வெளியேறுபவை. வயதாக ஆக, நோயே இல்லாவிட்டாலும் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் குறையும். நேற்றைய மருந்து முழுதாக வெளியேறாத உடம்பில் இன்றைய மருந்தும் சேரும். உன் பாட்டிலில் இருப்பது செட்ரிசின் என்றால், இரண்டு ஸ்பூன் என்று நீ கொடுப்பது ஏறக்குறைய 10 மில்லிகிராம். அவர் வயதில் 5-இல் தொடங்கி, சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்துத்தான் மேலே போக வேண்டும். சிறுநீரகம் நன்றாகவே பழுதாகியிருந்தால் இன்னும் குறைக்கவோ, அடியோடு தவிர்க்கவோ நேரும். தூக்கம் தரும் அந்தப் பழைய அலர்ஜி மருந்துகள் அவருக்கு வேண்டவே வேண்டாம். வாய் வறளும், மலம் இறுகும், குழப்பம் வரும், ராத்திரி எழுந்து நடக்கும்போது தடுமாறி விழுவார். புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஒருவகைக் கண் அழுத்த நோயில் அழுத்தம் சட்டென்று ஏறும். அந்தப் பழைய வகையில் இன்னொன்றான ஹைட்ராக்சிசின் இதயத் துடிப்பின் தாளத்தையும் கெடுக்கக் கூடியது.

நீ வண்டி ஓட்டுகிறவன், ஆகவே உனக்கும் ஒரு வார்த்தை. செட்ரிசின் தூக்கம் தராது என்று எல்லோரும் சொல்வது முழு உண்மை அல்ல. சிலருக்கு நன்றாகவே தரும். உனக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை இரவில் போட்டுப் பார். ஃபெக்ஸோஃபெனடின் அந்த வகையில் நல்லது, ஆனால் அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு குடித்தால் குடல் அதை உறிஞ்சுவது வெகுவாகக் குறைந்துவிடும். அலுமினியம், மக்னீசியம் கலந்த, வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்தையும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடு.

நீண்ட நாள் தினமும் செட்ரிசினோ லீவோசெட்ரிசினோ சாப்பிட்டு நிறுத்தினால், அடுத்த சில நாட்களில் உடம்பெல்லாம் கடுமையாக அரிப்பது சிலருக்கு நடக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் இதைப் பற்றி எச்சரித்தது. அலர்ஜி திரும்பிவிட்டது என்று அளவைக் கூட்டிவிடாதே, மருத்துவரிடம் சொல். தோல் தடிப்பு நாட்பட்டு அடங்காதபோது மருத்துவர்கள் பெரியவர்களுக்கு வழக்கமான அளவைப் போல நான்கு மடங்கு வரை கொடுப்பதுண்டு. அது அவர்கள் கண்காணிப்பில் நடக்க வேண்டிய வேலை, யாரும் தானாகச் செய்துகொள்வதல்ல.

உதடோ நாக்கோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், தடிப்போடு மயக்கமோ தொடர்வாந்தியோ வந்தால், சிரப்பைத் தேடி நிற்காதே. அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. அது கைவசம் இருந்தால் உடனே தொடையில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு. குழந்தை பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டாலும் வாந்தி எடுக்கவைக்காமல், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடு.

பதில் எழுதும்போது பாட்டில் லேபிளில் இருக்கும் பெயரும் அளவும், அப்பாவின் கடைசி கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு, அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் குறித்து அனுப்பு. அதுவரை அவருக்கு அந்த இரண்டு ஸ்பூன் வேண்டாம். அவருடைய மருத்துவரிடமும் இந்த வாரமே ஒரு வார்த்தை கேட்டுவிடு. குழந்தைகளுக்கு என் அன்பு.

உன்,
ராமநாதன்