கிராண்ட் வேறு, கிராண்டியோஸ் வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் போயிருந்தேன். விழா நடந்த வீட்டைப் பற்றி முகப்பில் ஓர் ஆங்கிலப் பலகை. முதல் வரியிலேயே அதை 'கிராண்டியோஸ்' வீடு என்று எழுதியிருந்தார்கள். முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், பார்த்தும் பாராமல் உள்ளே போக மனசு வரவில்லை.

'கிராண்ட்' என்றால் சிறப்பு, 'கிராண்டியோஸ்' என்றால் அதைவிடச் சிறப்பு என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். என் பிள்ளைகளும் பரீட்சையில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அந்தச் சொல்லில் இன்று பெரும்பாலும் குறைதான் தொனிக்கிறது. பகட்டு, பந்தா என்கிறோமே, அது. தன்னைப் பெரிய மகான், ராஜா என்று நம்பும் மனநோயைக் குறிக்கவும் மருத்துவர்கள் இதே சொல்லைத்தான் எடுத்தாளுகிறார்கள்.

அந்த வீட்டில் பகட்டு எங்கே இருக்கிறது? சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். வெளியே அத்தனை வெயில், சுவர் சில்லென்று இருந்தது. பர்மாத் தேக்குத் தூண்கள், காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், ஒன்று. ஒரே வீட்டில் இத்தனை குடும்பமும் இருந்து, கல்யாணம் காட்சியும் அங்கேயே நடக்கவேண்டும் என்றுதான் தெருவுக்குத் தெரு நீள நீளமாகக் கட்டினார்கள்.

இதற்குப் பொருத்தமான சொல் 'பலேஷியல்'. ரோமாபுரியில் பாலட்டைன் என்று ஒரு குன்று. பேரரசர் அகஸ்டஸ் அங்கேதான் குடியிருந்தார். குன்றின் பெயரே அரண்மனைக்கு ஆகிவந்து, ஆங்கிலத்தில் 'பேலஸ்' ஆனது. அதே வேரிலிருந்து வந்ததுதான் 'பலேஷியல்', அரண்மனை போன்ற என்று பொருள். ஒன்று மட்டும் கவனம்: வீடு, மாளிகை, ஹோட்டல் இவற்றுக்குத்தான் அது சரி. 'பலேஷியல் கல்யாணம்' என்று எழுதக்கூடாது. கல்யாணத்துக்கு 'கிராண்ட்' போதும். கோபுரத்துக்கு 'மெஜஸ்டிக்' எடுப்பாக இருக்கும்.

தங்கள் மாணவர் பக்கத்தில் இந்தச் சொற்களை ஒரு தடவை விளக்கிப் போட்டால் நல்லது. சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்கார ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "நல்ல வார்த்தையா எழுதிக் குடுங்க டீச்சர், மாத்திருவோம்" என்றார். ஒரு மொய் கவரின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
காரைக்குடி